குளத்தில் வாத்து, தரிசில் பருந்து: மாசி மாத விருந்தாளிகள்

மாசி பிறந்துவிட்டால் மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் வயல்வேலை கொஞ்சம் தளரும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் களம் கண்டிருக்கும். மக்காச்சோளத்தில் கதிர் ஒடித்து, தட்டை மட்டும் நிற்கும். பருத்தியில் மட்டும் எடுப்பு நடக்கும். காலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில். குளத்தில் தண்ணீர் கரையை விட்டு இறங்கத் தொடங்கும். இதே நாட்களில்தான் நம் குளங்களிலும் தரிசுகளிலும் நான்கைந்து மாதம் தங்கிய வெளிநாட்டுப் பறவைகள் ஊர் திரும்பத் தயாராகின்றன.

இந்த மாசியில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த நான்கு மானாவாரி விவசாயிகள், வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு நாள் பறவை பார்க்கப் போய் வந்தார்கள். நால்வரில் இருவர் அண்ணன் தம்பி. அண்ணனின் மகன் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறார். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். பெயர்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே தவிர்த்திருக்கிறோம். காரணம், இந்தப் பயணத்தின் பின்னால் ஒரு நிலப் பிரச்சினை இருக்கிறது.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் ஏழு ஏக்கர் தரிசு உண்டு. மேட்டுப் பக்கம் சரளை, பள்ளத்தில் இடுப்பளவு புல். அதைச் சூரிய மின் நிலையத்துக்குக் கேட்டுத் தரகர் வந்திருக்கிறார். தம்பி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவருக்குப் பணம் வேண்டும். அண்ணனும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். மகன்தான் தடுத்தார்.

“பறவை பாக்கப் போறதுக்கு நான் என்ன சின்னப்பிள்ளையாலே?” என்றார் அப்பா.

“ஒரே ஒரு நாள் வாங்கப்பா. நம்ம தரிச விக்கதுக்கு முன்னால அதுல யாரு குடியிருக்கான்னு பாத்துட்டு வித்துருங்க. சித்தப்பாவும் வரட்டும்.”

விடியலில் உள்ளூர்க் குளம்

முதலில் அவர்கள் தூரமாக எங்கும் போகவில்லை. ஊர்க் குளத்தின் கரையில் காலை ஆறு மணிக்கு நின்றார்கள். தினமும் மாடு குளிப்பாட்டும் குளம்தான். ஆனால், பைனாகுலர் வழியாகப் பார்த்தபோது, ‘கருப்புக் கோழி’ என்று மொத்தமாகச் சொல்லிவந்த கூட்டத்தில் நெற்றி வெள்ளையாக இருப்பது நாமக்கோழி என்றும், மூக்கின் மேல் சிவப்பு இருப்பது தாழைக்கோழி என்றும் பிரித்துப் பார்க்க முடிந்தது. முங்கி முங்கி எழுந்தது முக்குளிப்பான். நடுத்தண்ணீரில் மிதந்த சிறு வாத்துக் கூட்டம் நீலச்சிறகு வாத்து. ஐரோப்பாவிலும் வடக்கு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி இங்கே வருவது.

சேற்று ஓரத்தில் உள்ளான்கள் ஓடின. ஈர வரப்பில் மஞ்சள் வாலாட்டிகள் வாலை ஆட்டி ஆட்டிப் பூச்சி பிடித்தன. உள்ளானுக்கு முழுக்குளம் பிடிக்காது. தண்ணீர் வற்றி, கணுக்கால் அளவும் சேறும் இருக்கும் இடமே அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. வாத்துக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும். கொக்குக்கு முழங்கால் ஆழம். ஒரு குளம் மெதுவாக வற்றும்போது ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பறவைக்குப் பந்தி போடுகிறது. கரையைச் செங்குத்தாக வெட்டி, குளத்தைத் தொட்டி போல ஆழப்படுத்தும்போது இந்தப் பந்தி போய்விடுகிறது. தூர்வாருவது அவசியம். ஆனால் ஒரு பக்கமாவது சரிவாக விட்டுத் தூர்வாரினால் தண்ணீரும் தேங்கும், பறவையும் தங்கும். ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் அதே சரிவுதான் உதவும்.

தாமிரபரணிப் படுகையின் குளங்களில் 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இதை முன்னின்று நடத்துகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து எண்ணுகிறார்கள். கல்லூரி மாணவரான மகன் பறவை பார்க்கப் பழகியது இப்படி ஒரு கணக்கெடுப்புக்குப் போய்த்தான்.

கூந்தன்குளம் சொல்லும் பாடம்

வேன் தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலியைத் தாண்டி, மூலைக்கரைப்பட்டிப் பாதையில் கூந்தன்குளம் போய்ச் சேர்ந்தது. நாங்குநேரி வட்டத்தில் உள்ள இந்த ஊர் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 129 ஹெக்டேர். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்கள் சேர்ந்தது. 2022-ல் இது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஒப்பந்தப்படி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் அங்கீகாரம் அது.

இங்கே பார்க்க வேண்டியது பறவையை மட்டுமல்ல, ஊரையும்தான். சங்குவளை நாரைகளும் கரண்டிவாயன்களும் கூழைக்கடாக்களும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களிலும் கட்டுகின்றன. வாசல் முழுக்க எச்சம் விழும். மீன் நாற்றம் அடிக்கும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவைகளுக்காகப் பட்டாசு, வேட்டுச் சத்தத்தைத் தவிர்த்துவரும் ஊர் இது.

அதற்கு அன்பு மட்டும் காரணமில்லை. விவசாயக் கணக்கும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் மாதக்கணக்கில் குளத்தில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த எச்சம் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. கோடையில் குளம் வற்றியதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள்.

“நாம ஆட்டுக்கிடை போடுதோம். இவுக பறவைக்கிடை போடுதாவ” என்றார் தம்பி. அன்று அவர் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

குளத்தின் தூரக் கரையில், புல் மேய்ந்துகொண்டிருந்த சாம்பல் நிறக் கூட்டத்தை மகன் காட்டினார். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கருப்புக் கோடுகள். வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத் பீடபூமியிலும் குஞ்சு பொரிக்கும் இனம். இமயமலையைக் கடந்து வருகிறது. கருவி பொருத்தி ஆராய்ந்ததில் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தது பதிவாகியிருக்கிறது. மனிதன் மூச்சுத் திணறும் உயரம் அது.

தரிசில் இறங்கும் பருந்துகள்

மாலை ஐந்தரை மணிக்கு நால்வரும் சொந்தத் தரிசுக்குத் திரும்பியிருந்தார்கள். உடைமரத்து நிழலில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும் என்பது மகனின் கட்டளை. முதலில் வந்தது சூறைக்குருவிக் கூட்டம். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். வெளிர் ரோஜா நிற உடம்பு, கருப்புத் தலை. வானத்தில் புகை போலச் சுருண்டு அடங்கப் போனது.

கம்பும் சோளமும் விதைக்கிறவர்களுக்கு இது ஆகாத பறவை. பால் பிடிக்கும் கதிரில் விழுந்தால் சேதம்தான். ஆனால் இதன் பிறந்த ஊரில் கதையே வேறு. மத்திய ஆசியாவின் மரமில்லாப் புல்வெளிகளில் இது வெட்டுக்கிளிக் கூட்டத்தைத் துரத்தித் தின்று குஞ்சு வளர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் மருந்தடிப்பைக் குறைக்க, இந்தக் குருவி கூடு வைப்பதற்கென்றே கல்லும் செங்கல்லும் அடுக்கிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் விரட்டுகிற குருவிக்கு அங்கே வீடு கட்டித் தருகிறார்கள்!

சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். புல்லுக்கு மேலே ஆள் உயரத்தில், சிறகை ‘வி’ வடிவில் தூக்கிப் பிடித்தபடி ஒரு சாம்பல் நிறப் பறவை மிதந்து வந்தது. பின்னால் பழுப்பு நிறத்தில் இரண்டு.

“கோழிக்குஞ்சு தூக்குத பருந்துல்லா இது?”

“இல்லப்பா. இது பூனைப்பருந்து. ஊருக்குள்ளயே வராது. வெட்டுக்கிளி, எலி, ஓணான், சின்னக் குருவி, இதான் அதுக்குச் சாப்பாடு. சாம்பல் கலரு ஆணு. பழுப்பு பொட்டையும் குஞ்சும்.”

மற்றப் பருந்துகள் மரத்தில் அடையும். பூனைப்பருந்துகளில் பெரும்பாலானவை தரையில், உயரமான புல்லுக்குள் கூட்டமாகப் படுத்து உறங்கும். ரஷ்யா, கஜகஸ்தான் புல்வெளிகளில் கூடு கட்டும் இவை ஐப்பசியை ஒட்டி இங்கே வந்து, பங்குனியில் திரும்பிவிடும். பகல் முழுக்க நம் வயல்களின் மேல் தாழப் பறந்து வேட்டையாடும். இரவுக்கு ஒரே இடத்தில் சேரும். குஜராத்தின் வேளாவதார் புல்வெளி இப்படி இவை பெருங்கூட்டமாக அடையும் இடங்களில் உலகப் புகழ் பெற்றது. ஆந்திராவின் ரோல்லபாடு இன்னொன்று. அங்கே முன்பு வந்த அளவு இப்போது வருவதில்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அன்று அந்தப் பள்ளத்தில் பதினொரு பருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று சுற்றி, காலைத் தொங்கப் போட்டு, புல்லுக்குள் மறைந்தது. இருட்டிய பிறகு பார்த்தால் வெறும் புல்தான். அண்ணன் அந்த நிலத்தில் ஐம்பது வருஷமாக நடக்கிறார். இதைப் பார்த்தது அன்றுதான்.

‘ஒன்றுக்கும் உதவாத நிலம்’ என்றால் என்ன?

அரசு வரைபடங்களில் இத்தகைய புல்வெளிகள் பெரும்பாலும் தரிசு என்றே குறிக்கப்படுகின்றன. நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். காட்டை வெட்டினால் கேட்க ஆள் உண்டு. தரிசை உழுதாலோ, வேலி போட்டு அடைத்தாலோ முன்னேற்றம் என்று பெயர். சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் சந்தேகமில்லை. எந்த நிலத்தில் அமைப்பது என்பதுதான் கேள்வி. பள்ளத்துப் புல் போனால் பருந்து மட்டும் போகாது. கீதாரிகளின் ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் போகும். மழைத்தண்ணீர் நின்று இறங்கும் இடம் போகும். வானம்பாடி, கௌதாரி, காடை, ஆள்காட்டி என்று தரையில் முட்டை வைக்கும் பறவைகளுக்கு இடம் போகும்.

இன்னொரு ஆபத்து நம் கையிலேயே இருக்கிறது. வட அமெரிக்காவில் கூடு கட்டும் ஸ்வெயின்சன் பருந்து குளிர்காலத்தில் அர்ஜென்டினா வயல்களுக்குப் போய் வெட்டுக்கிளி தின்னும். நம் பூனைப்பருந்தைப் போலவே. 1995-96-ல் அங்கே வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். மருந்து பட்ட வெட்டுக்கிளியைத் தின்று ஆயிரக்கணக்கான பருந்துகள் வயலிலேயே செத்து விழுந்தன. அர்ஜென்டினா பிறகு அந்த மருந்தைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 2023-ல் மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மருந்துக்குத் தடை ஆணை வந்தது. பழைய டப்பா மிச்சம் இருந்தாலும் பருத்திக்கு அடிக்க வேண்டாம்.

ஐரோப்பாவில் பூனைப்பருந்துகள் கோதுமை வயலுக்குள்ளேயே கூடு கட்டுவதுண்டு. பிரான்சிலும் ஸ்பெயினிலும் அறுவடையின்போது கூட்டைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் அறுக்காமல் விடுகிறார்கள். தன்னார்வலர்கள் முன்கூட்டியே கூட்டைக் கண்டுபிடித்து, விவசாயியிடம் பேசி, கம்பு நட்டு அடையாளம் வைக்கிறார்கள். அங்கே ஒரு விவசாயி விட்டுவைக்கும் குஞ்சுதான் குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளியைத் தின்னப் போகிறது.

நாம் செய்யக்கூடியவை

• புல் தரிசைக் கொளுத்துவதானால் பங்குனி கடைசி வரை பொறுங்கள். மாசியில் தீ வைத்தால் அடையும் பருந்துக்கு இடமில்லை. சித்திரை, வைகாசியில் வைத்தால் தரையில் இருக்கும் முட்டை வேகும். கொளுத்தாமல் மேய்ச்சலுக்கு விடுவதே நல்லது.

• மேய்ச்சலைப் பங்கு போடுங்கள். ஒரு வருஷம் ஒரு பகுதியில் ஆடு இறங்கட்டும், மறு பகுதியில் புல் உயரட்டும். மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதை தூவினால் தீவனமும் பெருகும்.

• உளுந்து, பாசி, பருத்தியில் ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் நடுங்கள். ‘டி’ வடிவக் குச்சி போதும். பயிர் மட்டத்துக்கு மேல் ஒன்று, ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். பகலில் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழு எடுக்கும். இரவில் கூகையும் ஆந்தையும் உட்கார்ந்து எலி பிடிக்கும். கம்பு, சோளத்தில் மணி பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

• பட்டுப்போன பனையை உடனே சாய்க்க வேண்டாம். பனங்காடை, மைனா, கிளி எல்லாம் அதன் பொந்தில்தான் கூடு வைக்கின்றன.

• கோடை உழவில் ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அருகில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழுங்கள்.

இரவு வேனில்

திரும்பும்போது பேச்சு மீண்டும் நிலத்துக்கே வந்தது. பறவை அடைகிறது என்பதற்காகத் தரிசை வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு யாரும் பணம் தருவதில்லை. தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். இதை மகனாலும் மறுக்க முடியவில்லை.

“பருந்தக் காட்டி என் மக கல்யாணத்த நிறுத்திராதிய” என்றார் தம்பி.

“யாருய்யா நிறுத்துதா? மேட்டுல சரளை நாலு ஏக்கரு ரோட்டப் பாத்துத்தான கெடக்கு. அத அவனுக்குக் குடுப்போம். கெடைக்குத துட்டு முழுசும் நீ எடுத்துக்கோ. பள்ளம் மூணு ஏக்கரும் எம் பங்கா இருக்கட்டும். ஆடு மேயட்டும்” என்றார் அண்ணன்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாலு ஏக்கர மட்டும் அவன் வாங்குவானான்னு தரகர்ட்ட கேக்கணும்லா” என்றார் பிறகு.

மறுநாளே கேட்டுவிட்டார்கள். தரகர் கம்பெனியிடம் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. ஆவணிக்குள் தெரிந்துவிடும். ஐப்பசியில் பருந்துகள் திரும்பி வரும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பூனைப்பருந்து கோழிக்குஞ்சைத் தூக்காது என்றால் எங்கள் வீட்டுக் குஞ்சுகளைத் தூக்குவது எது?
பதில்: வாலில் பிளவு உள்ள கரும்பருந்தும், புறா அளவே உள்ள வைரியும்தான் பெரும்பாலும் காரணம். கீரி, காட்டுப்பூனையும் தூக்கும். குஞ்சுகளை முதல் ஐந்தாறு வாரம் பஞ்சாரத்திலோ, மேலே பழைய மீன்வலை கட்டிய அடைப்பிலோ வளர்த்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

கேள்வி: எலிக்கு விஷம் வைத்தால் ஆந்தை, பருந்து சாகுமா?
பதில்: சாக வாய்ப்பு உண்டு. விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பறவை எளிதாகப் பிடித்துவிடும். முதலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடியுங்கள். வரப்பைக் குறுக்கி வளையைக் குறையுங்கள். விஷம் வைத்தே ஆக வேண்டுமென்றால் வளைக்குள் மட்டும் வைத்து, மறுநாள் காலை செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: மயில் தொல்லை தாங்க முடியவில்லை. மருந்து கலந்த தானியம் வைக்கலாமா?
பதில்: கூடவே கூடாது. மயில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொன்றால் சிறைத் தண்டனை உண்டு. அந்தத் தானியத்தைக் கௌதாரி, புறா, ஆடு, கோழி எல்லாம் தின்னும். விதைத்த முதல் இரண்டு வாரம் மினுமினுப்பு நாடா கட்டி, காலை மாலை ஆள் காவல் போடுவதே வழி. நாடாவின் இடத்தை நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மயிலுக்குப் பழகிவிடும்.

கேள்வி: பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போக என்ன வேண்டும்?
பதில்: எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் ஒன்று, நோட்டு, பேனா, தண்ணீர். பளிச்சென்ற சட்டை வேண்டாம். காலை ஆறு முதல் எட்டரை வரையும், மாலை ஐந்துக்கு மேலும் நல்ல நேரம். கூட்டின் அருகில் போகக் கூடாது. பொங்கல் விடுமுறை நான்கு நாளும் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் உங்கள் வயலில் நின்று பார்த்த பறவைகளைப் பதிந்தாலே அதில் பங்கேற்றதாகும். யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் கிடையாது.